லெப்டொப்புக்குள் பல்லி

லெப்டொப் சத்தம் போடுகிறது என்று என் கடைக்கு வருகிற பெண்களில் பாதிப் பேருக்கு அந்தச் சத்தம் என்ன சத்தம் என்று சொல்லத் தெரியாது. "இரையுது" என்பார்கள். "முக்குது" என்பார்கள். ஒருத்தி என் மேசைக்கு முன்னால் நின்று பூனை மாதிரிச் சீறியே காட்டினாள். எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது. உள்ளே இருக்கிற காற்றாடியில் தூசி அடைத்தால் ஒரு சத்தம் வரும், அதன் அச்சுத் தேய்ந்தால் வேறு சத்தம் வரும், ஸ்பீக்கர் கிழிந்தால் அது இன்னொரு விதம். கேட்டவுடனேயே பாதி நோய் பிடிபட்டுவிடும். ஆனால் பல்லி என்று சொல்லிக்கொண்டு வந்தவர் அலீமா ராத்தா ஒருவர்தான்.

"புள்ள, இதுக்குள்ள ஒரு பல்லி செத்துக் கிடக்கு. நாத்தமெடுக்க முன்னம் எடுத்துத் தா" என்று சொல்லி, தொழுகைப் பாயில் சுற்றிக் கொண்டுவந்த லெப்டொப்பை என் மேசையில் வைத்தார்.

நான் நப்லா. புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில் கடை வைத்திருக்கிறேன். கதவில் 'பெண்களுக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறது. பெரிய தெருவில் இருக்கிற பொடியன்மார் என்னைவிட நன்றாகவே வேலை செய்வார்கள், அதை நான் ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் எங்கள் பெண்களின் லெப்டொப்பில் என்ன இருக்கும்? வீட்டுக்குள் முக்காடு இல்லாமல் எடுத்த படம் இருக்கும், கல்யாண வீட்டில் அறையைப் பூட்டிவிட்டு மச்சிமார் போட்ட ஆட்டம் இருக்கும். அதை அந்நிய ஆம்பிளையின் கையில் கொடுக்க யாருக்கு மனம் வரும்? நுரைச்சோலையிலிருந்தும் கண்டக்குழியிலிருந்தும் பஸ் ஏறி என்னிடம் வருகிறார்கள். நப்லாவுக்கு வாய் நீளம் என்று திட்டிக்கொண்டேதான் வருகிறார்கள்.

அலீமா ராத்தாவை எனக்கு முகப் பழக்கம் உண்டு. உப்பளத்துக் கொட்டிலில் உப்புப் பக்கற் கட்டுகிறவர். நாற்பதைக் கொஞ்சம் தாண்டிய வயதுதான், பார்த்தால் அறுபது சொல்லலாம். விரல் நுனிகள் உப்பில் வெடித்து வெள்ளையாக இருந்தன. கறுப்பு அபாயாவின் கைநுனியும் அப்படித்தான் வெளுத்திருந்தது. கதிரையில் இருங்கள் என்றேன், இருக்கவில்லை.

"ஆர் சொன்ன, பல்லியெண்டு?"

"ஆர் சொல்லோணும்? காதால கேட்டன். டக்கு டக்கெண்டு கத்திக்கொண்டே இருந்த. ஒரு கிழமையா விட்டுப் பார்த்தன், வெளிய வாறல்ல. பொறகுதான் அடிச்சன்."

"எதால?"

"செருப்பால."

நான் சிரித்துவிட்டேன். சும்மா இல்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எங்கள் வீடுகளில் பல்லியைக் கண்டால் விடமாட்டார்கள். முதல் அடியிலேயே கொன்றால் நன்மை கூட என்று மத்ரஸாவில் படித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும், மற்றப் பாடமெல்லாம் மறந்து போயிருக்கும். கண்டக்குழியில் என் கூட்டாளி றோசமேரியின் வீட்டில் கதை வேறு. பல்லி சொன்னால் அவள் பேச்சை நிறுத்திவிட்டு, "பாத்தியா, நான் சொன்னது உண்மையெண்டு சொல்லுது" என்பாள். அவள் பல்லிக்குக் காது கொடுக்கிற நேரம் நான் செருப்பைத் தேடுவேன். ஆனால் லெப்டொப்பைச் செருப்பால் அடித்த கதையை நான் அதுவரை கேட்டதில்லை.

"முதல் அடியிலயே செத்திட்டுதா?" என்று கேட்டேன்.

"மூணு அடி போட்டன். பொறகு சத்தமில்ல. அல்ஹம்துலில்லாஹ் எண்டு படுத்திட்டன். அடுத்த நாள் பொத்தான அமத்தினா ஸ்கிரீன் கறுப்பா இரிக்கு, வெள்ள எழுத்துல இங்கிலீஸ் ஓடுது. பல்லி வயர்ல ஒட்டிக்கொண்டு கிடக்குதாக்கும்."

"ராத்தா, லெப்டொப்ப மூடி வைக்கிற நேரமும் பல்லி கத்தினதா?"

கொஞ்சம் யோசித்தார். "இல்ல. மூடினா கத்தாது."

"அப்ப இது கரண்டுல ஓடுற பல்லியா?"

நான் பகிடிக்குத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கேலி செய்கிறேன் என்று கோபப்படவும் இல்லை. "மத்த நேரமும் கத்தாது புள்ள. மகள்ட படம் பார்க்கிற நேரம்தான் கத்தும்" என்றார்.

அதோடு என் சிரிப்பு நின்றது. இந்த வேலை தெரிந்தவர்கள் யாரும் அந்த வார்த்தைக்குப் பிறகு சிரிக்க மாட்டார்கள். லெப்டொப்புக்குள் ஹாட் டிஸ்க் என்று ஒன்று இருக்கிறது. படம், பாட்டு, எழுத்து எல்லாவற்றையும் வைத்திருக்கிற பெட்டி அதுதான். அதற்குள் கண்ணாடி மாதிரி வழவழப்பான ஒரு தட்டு சுற்றும், தட்டின் மேலே முட்டாமல் ஒரு சின்னக் கை போய்வந்து படிக்கும். படிக்க முடியாத இடம் வந்தால் அந்தக் கை திரும்பி வந்து மறுபடி போகும். மறுபடி திரும்பும். அப்போது வருகிற சத்தம்தான் டக்கு டக்கு. நல்ல காதுள்ள மனுசருக்கே அது பல்லி மாதிரித்தான் கேட்கும், அதில் அலீமா ராத்தாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

லெப்டொப்பின் அடி மூடியைக் கழற்றிப் பார்த்தேன். புத்தளத்தில் எந்த லெப்டொப்பைத் திறந்தாலும் இருக்கிற அதே கோலம்தான். உப்புக் காற்றில் திருகாணியெல்லாம் துரு, காற்றாடி இதழில் வெள்ளைப் பூஞ்சணம் மாதிரி ஒரு படலம். பல்லியும் இல்லை, பல்லி வாலும் இல்லை. அலீமா ராத்தா எட்டி எட்டிப் பார்த்தார். மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு, திருப்புளியின் முனையை ஹாட் டிஸ்க்கின் மேல் வைத்து அதன் பிடியைக் காதில் வைத்தேன். தட்டுச் சுற்றத் தொடங்கியது. டக்கு, டக்கு, டக்கு. கொஞ்சம் ஓய்ந்து மறுபடி டக்கு. அதற்கு இடையிடையே சன்னமாக ஒரு சுரண்டல். அந்தச் சுரண்டல் எனக்குப் பிடிக்கவில்லை. உடனே வயரை இழுத்துவிட்டேன்.

"இப்ப இருங்க ராத்தா" என்றேன். இந்த முறை இருந்தார்.

"மகள்ட படம் வேற எங்கயும் இரிக்கா? ஃபோன்ல? சொந்தக்காரர்ட்ட?"

"இல்ல."

"மகள்ட்டயே கேளுங்களேன், பென் டிரைவ்ல கின்ல ஏத்தி வச்சிரிக்காளா எண்டு."

"மகள் மவுத்தாயிட்டாள் புள்ள" என்றார்.

எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கரண்டுப் பல்லி என்று சிரித்த வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. இறந்தவர்களுக்காகச் சொல்கிற இன்னாலில்லாஹியைச் சொல்லிவிட்டு, பக்கத்துக் கடையில் பிளேன்டீ இரண்டுக்குச் சொன்னேன். பிளேன்டீ ஆறிக்கொண்டிருக்க, அவர் தன்னுடைய கதையைச் சொன்னார். அழாமல்தான் சொன்னார்.

மன்னாரில் எருக்கலம்பிட்டிதான் அவர்களுடைய ஊர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களையெல்லாம் புலிகள் வெளியேறச் சொன்னபோது அவர் பெரிய பிள்ளையாகிக் கொஞ்ச நாள்தான். கையில் கொண்டுபோகக்கூடிய ஒரு பையோடு வள்ளத்தில் ஏறி, கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். வீட்டுச் சுவரில் தொங்கிய படங்களை யாரும் கழற்றிக்கொண்டு வரவில்லை. அடுத்த கிழமையே திரும்பிவிடுவோம் என்றல்லவா எல்லோரும் நினைத்தார்கள்! வாப்பாவின் படம் என்று ஒன்று அலீமா ராத்தாவிடம் இன்றைக்கும் கிடையாது. அகதி முகாமில் ஓலைக் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்து, அடுத்த கொட்டிலில் இருந்த நிஸாரைக் கல்யாணம் முடித்து, ஃபாஹிமாவைப் பெற்றார். ஒரேயொரு பிள்ளை.

யுத்தம் முடிந்ததும் நிஸார் மன்னாருக்குப் போய்க் காணியைத் துப்புரவாக்கத் தொடங்கினார். நீங்களும் வாங்க என்று கூப்பிடத்தான் கூப்பிட்டார். பிள்ளை ஓ.எல். சோதனை எடுக்கட்டும் என்று அலீமா ராத்தா சொன்னார், பிறகு ஏ.எல். எடுக்கட்டும் என்றார். நிஸார் மாதத்துக்கு ஒரு தடவை வந்துபோனவர் பெருநாளைக்கு மட்டும் வந்தார். பிறகு அங்கே வீடு கட்டி, வேறு பெண் முடித்துவிட்டார் என்ற செய்திதான் வந்தது. நல்ல மனுசன்! காடு வெட்டப் போனவன் கல்யாணம் முடித்துக்கொண்டான். நான் இதைச் சொன்னபோது அலீமா ராத்தா, "அவரையும் ஏசாத புள்ள, தனியச் சமைச்சுத் தின்னவர்" என்றார். இப்படிப்பட்ட பெண்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அன்றைக்கும் வந்தது.

ஃபாஹிமா கணக்கியல் படித்துக்கொண்டிருந்தாள். அதற்காக வாங்கியதுதான் இந்த லெப்டொப், யாரோ பாவித்துக் கழித்தது. அசர் தொழுகைக்குப் பிறகு உம்மா உப்புக் கொட்டிலிலிருந்து வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, லெப்டொப்பின் மேலே இருக்கிற சின்னக் கமராவால் தன்னைத்தானே படம் எடுப்பாளாம். நாக்கை நீட்டி ஒன்று, கண்ணை உருட்டி ஒன்று, உம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒன்று. "சும்மா இரி, இது என்ன கூத்து" என்று ஏசினால் அந்த ஏச்சோடு சேர்த்து இன்னொரு படம். வீட்டுக்குள் என்பதால் தலையில் ஒன்றுமில்லை. வெளியே போனால் ஒரு முடி தெரியாமல் ஹிஜாப் கட்டுகிற பிள்ளை. முகப்புத்தகத்தில் தன்னுடைய முகத்துக்குப் பதில் ஒரு ரோசாப்பூவைத்தான் போட்டிருந்தாள்.

"'உம்மா, இத ஆருக்கும் காட்டாதீங்க. மாமிமாருக்கும் காட்டாதீங்க. எனக்கும் ஒங்களுக்கும் மட்டும்தான்' எண்டு சொல்லித்தான் எடுப்பாள்" என்றார்.

டெங்குக் காய்ச்சல் நாடு முழுக்கப் பரவிய வருசம் அது. காய்ச்சல் என்று படுத்தவள் எழும்பவில்லை. நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து சொந்தக்காரர் போன பிறகு, மகள் காட்டிக்கொடுத்தது போலவே பொத்தானை அமத்தி, திரையில் இருக்கிற மஞ்சள் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டி, அலீமா ராத்தா அந்தப் படங்களைப் பார்க்கத் தொடங்கினார். தினமும் மஃரிபு தொழுதுவிட்டுப் பார்ப்பார். கதவைச் சாத்திக்கொண்டுதான்.

"அடையாள அட்டை இரிக்குமே ராத்தா, அதில படம் இரிக்குமே?"

"அது பொலிஸுக்குக் காட்டுற முகம் புள்ள. வாயப் பூட்டிக்கொண்டு, ஆரோ போல இரிக்கிறாள். எனக்கு அவள் சிரிக்கிறது வேணும்." பிளேன்டீயை ஒரு வாய் குடித்தார். "ரெண்டு நாளா படம் பார்க்கல்ல. நேத்துக் கண்ண மூடிக்கொண்டு அவள்ட சிரிப்ப யோசிச்சன். பல்லுத் தெரியிது, கன்னம் தெரியிது, சேத்துப் பார்த்தா அவள் இல்ல. வேற ஆரோ வாறாங்க. எனக்குப் பயமா இரிக்கு. மறந்து போயிருவனோ எண்டு பயமா இரிக்கு."

பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். "பல்லி இல்லையெண்டா, அது என்ன சத்தம்?"

சொன்னேன். தட்டு, கை, படிக்க முடியாத இடம் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் கேட்கத் தொடங்கியது நோயின் அடையாளம் என்றும் சொன்னேன்.

"அப்ப நான் அடிச்சதால ஒண்டுமில்லையா?"

பொய் சொல்லியிருந்தால் அந்த மனுசிக்கு நித்திரையாவது வந்திருக்கும். ஆனால் சாமானைப் பற்றிப் பொய் சொல்ல என் வாய்க்கு வராது. "நோய் முந்தியே இருந்த ராத்தா. ஆனா தட்டுச் சுத்திக்கொண்டிருக்கிற நேரம் அடி விழுந்தா அந்தக் கை தட்டில முட்டும். முட்டினா கீறும். இப்ப கீறுற சத்தமும் கேக்குது."

அவர் தன்னுடைய வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு அடி போட்டன்" என்றார்.

கொழும்பில் ஒரு கடை இருக்கிறது. தூசியே இல்லாத அறையில் வைத்து ஹாட் டிஸ்க்கைத் திறந்து, பழுதான கையை மாற்றி உள்ளே இருப்பதை எடுப்பார்கள். நான் முன்பு அனுப்பிய ஒன்றிரண்டு நல்லபடியாகத் திரும்பி வந்திருக்கின்றன. அப்போதே அவர் முன்னால் வைத்தே ஃபோன் எடுத்தேன். அங்கிருந்த மனுசன் மரியாதையாகத்தான் பேசினார். கீறல் சின்னதாக இருந்தால் முக்கால்வாசி எடுக்கலாம், உடனே நிற்பாட்டி அனுப்புங்கள், இனி ஒரு தடவையும் ஓட விடவேண்டாம் என்றார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. காசைப் பற்றி யோசிக்க வேண்டாம், அது என் பாடு என்று அலீமா ராத்தாவுக்குச் சைகை காட்டினேன்.

"கேள் புள்ள, எடுக்கிறது ஆம்பிளையா பொம்பிளையா?" என்றார் அவர்.

கேட்டேன். ஆம்பிளைகள்தான். ஒரு பெண்கூட அந்த வேலைக்கு இல்லை. படங்களைத் திறந்து பார்க்காமல் எடுத்துத் தர முடியுமா என்றும் கேட்டேன். ஒவ்வொன்றாகப் பார்க்க மாட்டோம், ஆனால் சரியாக வந்திருக்கிறதா என்று சிலதைத் திறந்துதான் ஆகவேண்டும் என்றார். உள்ளதைச் சொன்ன மனுசன்.

அலீமா ராத்தா எழும்பினார். "நான் இஸ்திகாரா தொழுதிட்டு வாறன்" என்றார். ஒரு காரியத்தைச் செய்வதா விடுவதா என்று மனம் தடுமாறினால் எங்கள் ஆட்கள் அல்லாஹ்விடம் வழி கேட்டுத் தொழுவார்கள். போகும்போது லெப்டொப்பை என்னிடம் விட்டுப்போகவில்லை. அதே தொழுகைப் பாயில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது முகத்தில் தெளிவு இருந்தது. நல்ல முடிவு என்று நினைத்துவிட்டேன்.

"கொழும்பு வேணாம். நீயே பாரு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நஞ்சமில்லை. "என்ன கத இது ராத்தா? அந்த மனுசன் உங்கட மகளையா பார்க்கப்போறான்? ஒரு நாளைக்கு நூறு படம் பார்க்கிறவன். டொக்டருக்குக் காட்டுறல்லயா? அதுபோலத்தானே இதுவும்?"

"டொக்டருக்குக் காட்டுறது உசுரக் காப்பாத்த. அவள்தான் இல்லையே."

"அப்ப நீங்க இருக்கிறீங்களே! உங்களுக்கு வேணுமே!"

"எனக்கு வேணும்தான்." குரலை உயர்த்தவில்லை. "என்ட ஆசைக்காக அவள் சொன்னத உடைக்கிறதா? உசுரோட இருந்தா அவள் வேணாமெண்டு சண்ட பிடிப்பாள். மவுத்தான புள்ளைக்கு வாய் இல்ல எண்டதுக்காக நான் செய்யலாமா? கபுறுல இரிக்கிற புள்ளையின்ட முக்காட்ட நானே கழட்டுறதா, நப்லா?"

எனக்கு உடன்பாடில்லை. இன்றைக்கும் இல்லை. ஆனால் கதவில் 'பெண்களுக்கு மட்டும்' என்று எழுதிவைத்துக்கொண்டு இருக்கிற நானா அவரோடு வாதாடுவது?

"வடிவாக் கேளுங்க ராத்தா. என்னட்ட தூசியில்லாத ரூம் இல்ல, மாத்துறதுக்கு கை இல்ல. நான் செய்யக்கூடியது ஒண்டுதான். அதை ஓட விட்டு, ஓடுற மட்டும் இழுக்கிறது. ஓட ஓடத் தட்டு இன்னும் கீறும். நான் கை வச்ச பொறகு கொழும்புக்காரனாலயும் ஏலாது. திரும்பிப் போற பாதை இல்ல. விளங்கினதா?"

"ஓம், விளங்கின. பிஸ்மி சொல்லித் தொடங்கு."

அவர் உப்புக் கொட்டிலுக்கு லீவு போட்டுவிட்டு என் பக்கத்திலேயே இருந்தார். ஹாட் டிஸ்க்கைக் கழற்றி என்னுடைய கம்பியூட்டரில் பூட்டி, படிக்க முடியாத இடத்தைத் தாண்டித் தாண்டிப் பிரதி எடுக்கிற மென்பொருளை ஓட விட்டேன். டக்கு டக்கு என்ற சத்தம் கடை முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு டக்குக்கும் அலீமா ராத்தாவின் தோள் ஒரு தடவை ஆடும். தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு ஸலவாத்து ஓதிக்கொண்டே இருந்தார். சத்தம் கொஞ்சம் நின்று ஹாட் டிஸ்க் ஒழுங்காக ஓடினால் என்னைப் பார்ப்பார், நான் தலையாட்டுவேன். அன்றைக்கு வேறு வேலையோடு வந்தவர்களையெல்லாம் நாளைக்கு வாங்க என்று விரட்டிவிட்டேன். ஒருத்தி ஏசிக்கொண்டு போனாள்.

பின்னேரமாகச் சத்தம் மாறியது. டக்கு போய், தேங்காய் துருவுகிற மாதிரி ஒரே இழுவையாக வந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஓட விட்டேன். நிற்பாட்டினால் மறுபடி எழும்பாது. கடைசியில் அது தானாகவே சுற்றுவதை நிறுத்தியது. கடைக்குள் திடீரென்று அமைதி. அலீமா ராத்தா ஓதுவதை நிற்பாட்டிவிட்டார்.

"முடிஞ்சா?"

"ஓம் ராத்தா. வந்தத பார்ப்பம்."

வந்ததில் அரைவாசிக்கு மேலே திறக்கவே இல்லை. படிப்புக் கணக்கு, பாடக் குறிப்பு என்று தேவையில்லாததெல்லாம் முழுசாக வந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. படங்கள் இருந்த பெட்டியில் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து முதல் படத்தைத் திறந்தேன்.

படம் என்பது மேலிருந்து கீழாக எழுதப்பட்டிருக்கும். முன்பாதி வந்து பின்பாதி வராவிட்டால் மேல் பக்கம் மட்டும் தெரியும், கீழே சாம்பல் நிறமாக இருக்கும். பச்சைச் சுவர் தெரிந்தது. அதில் தொங்கிய கலண்டர் தெரிந்தது. பிறகு முடி. நடுவகிடு எடுத்த, அடர்த்தியான, இன்னும் ஈரம் காயாத முடி. நெற்றி ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு கோடு, அதற்குக் கீழே வெறும் சாம்பல்.

அடுத்த படமும் அப்படித்தான். அதற்கடுத்ததும். ஒன்றில் முடி விரிந்து கிடந்தது, ஒன்றில் பின்னல் முன்னால் விழுந்திருந்தது. ஒரேயொரு படத்தில் நெற்றி முழுதும் வந்து, இடது புருவத்தின் நுனியோடு நின்றது. ஊரெல்லாம் பார்த்த முகம் ஒன்றிலும் இல்லை. யாருக்கும் காட்டாத தலைமுடி எல்லாவற்றிலும் இருந்தது. இதை எப்படி வாயால் சொல்வது என்று தெரியாமல் நான் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டே போனேன்.

அலீமா ராத்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. "இது வெள்ளிக்கிழம தல முழுகின நாள்" என்றார், சந்தோசமாக. "பாரு, எண்ண வைக்க விடல்ல. வழுக்கிக்கொண்டு ஓடிட்டாள்." உப்பில் வெடித்த விரலால் திரையில் அந்த முடியை வகிடோடு கோதினார். கொஞ்ச நேரம் அப்படியே கோதிக்கொண்டிருந்தார். பிறகு விரல் கீழே வந்து சாம்பல் நிறத்தில் நின்றது.

"இந்தக் கீழ்ப்பக்கம் எப்ப வரும், புள்ள?"

"வராது ராத்தா."

"எல்லாத்திலயும் இப்படித்தானா?"

"ஓம்."

புருவம் தெரிந்த படத்தை மறுபடி போடச் சொன்னார், போட்டேன். முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய், அந்தப் புருவ நுனிக்குக் கீழே எட்டிப் பார்க்கலாம் போல, கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தார். தன்னுடைய கதையை அழாமல் சொல்லி முடித்த மனுசி அப்போதுதான் அழத் தொடங்கினார். நானும் அழுதேன். எனக்கு அவர் மேலும் கோபம், நிஸார் மேலும் கோபம், பல்லி மேலும் கோபம்.

"கொழும்புக்கு அனுப்புவம்" என்றார் திடீரென்று. "அவங்க பார்த்தா பாக்கட்டும். அல்லாஹ்ட்ட நான் பதில் சொல்லிக்கொள்றன். அவள்ட்டயும் சொல்லிக்கொள்றன். என்ட புள்ளட முகத்த ஒருக்கா எடுத்துத் தரச் சொல்லு."

"ஏலாது ராத்தா. நான் முந்தியே சொன்னேனே."

"ஒருக்காக் கேட்டுப் பாரன், மகள்."

அதுவரை என்னைப் புள்ள என்றுதான் கூப்பிட்டவர். பதில் தெரிந்திருந்தும் நான் ஃபோனை எடுத்தேன். அதே மனுசன்தான் எடுத்தார். ஓட விட்டீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன். கீறுகிற சத்தம் வந்ததா என்று கேட்டார். ஓம் என்றேன். இப்போது சுற்றுகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு, "சொரி தங்கச்சி, இனி ஒண்டும் செய்ய ஏலாது" என்றார்.

நான் ஃபோனை வைத்தேன். அலீமா ராத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கட்டும் எண்டு சொன்னியா?" என்று கேட்டார். "இப்ப எனக்குச் சம்மதம் எண்டு சொன்னியா, மகள்? அவங்க பார்த்தாப் பரவாயில்ல எண்டு வடிவாச் சொன்னியா?"